வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

"எங்கயும் நிறுத்தாதண்ணே, நேரா கிள்ளான் கிளினிக்குக்கு விடு!"

டிரைவரிடம் கத்திவிட்டுக் கண்டக்டர் நாகையா பஸ்ஸுக்குள் பின்னோக்கி ஓடினார்.

மூன்றாவது இருக்கையில் மூதாட்டி ஒருவர் சரிந்து கிடந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஏறும்போது, "தம்பி, கோயிலடியில இறக்கிவிடும்" என்று தெளிவாகச் சொன்னவர்தான். இப்போது முகமெல்லாம் வேர்வை. விரல்கள் வெடவெடத்தன.

பக்கத்தில் இருந்த வீரம்மா, காப்பார் ஊர்க்காரி, ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறுகையால் அவருடைய பையைக் கவிழ்த்தாள். ஒரு கிளினிக் அட்டை விழுந்தது. நாகையா படித்தார்.

நேசம்மா. வயது எழுபத்தொன்று. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி.

"அம்மா, காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்றாள் வீரம்மா.

"ஒண்டுமில்லை... கந்தசட்டி. அஞ்சு நாளும் ஒருநேரம் பால், பழம். இண்டைக்குத் தண்ணி மட்டும்."

"மாத்திரை?"

"அது விழுங்கினனான். மருந்தால விரதம் முறியாதுதானே, பிள்ளை?"

நாகையாவுக்குச் சுரீரென்றது. உடம்பில் இருக்கிற கொஞ்சச் சர்க்கரையையும் அந்த மாத்திரை வாரிக்கொண்டு போகிறது! பாய்ந்துபோய், டிரைவர் பக்கம் தொங்கவிட்டிருந்த தன் தே ஓ பையை அவிழ்த்து வந்தார். கடைக்காரர் சீனியை அள்ளிப் போட்டு, பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஸ்ட்ரா செருகிக் கொடுத்த பாலில்லாத் தேநீர்.

நேசம்மா உதடுகளை இறுக்கிக்கொண்டார். "வேண்டாம். சூரன்போர் முடியட்டும்."

"அதுக்குள்ள உங்க கதை முடிஞ்சிடும்லா!" என்று பதறினார் நாகையா.

நேசம்மா தலையை மட்டும் அசைத்தார். கண்கள் செருகத் தொடங்கின.

வீரம்மா தேநீர்ப் பையைப் பிடுங்கினாள். "இங்க பாருங்கம்மா. நானும் விரதந்தான்." ஸ்ட்ராவை வாயில் வைத்து இரண்டு மடக்கு உறிஞ்சினாள். "முருகன் கோவிச்சா ரெண்டு பேரையும் சேர்த்தே கோவிக்கட்டும். குடிங்க!"

நேசம்மா அவளையே பார்த்தார். மெல்ல வாய் திறந்தது. ஒரு மடக்கு. இன்னொன்று.

பத்து தீகா ஊரைத் தாண்டுவதற்குள் நடுக்கம் குறைந்தது.

கிளினிக்கில் டாக்டர் அதட்டினார். "மாத்திரை போட்டா சாப்பிடணும். தனியா பயணம் வேற! பையில ரெண்டு மிட்டாயாவது வேணாமா? இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நினைவு தப்பியிருக்கும்."

அவர் போனதும் நேசம்மா வீரம்மாவின் கையைப் பிடித்தார். "உண்மையைச் சொல்லும். என்னால உம்மட விரதம் முறிஞ்சிருந்தா எனக்கு நித்திரை வராது."

"அட, சும்மா சொன்னேம்மா. காலையிலேயே நாலு தோசை உள்ள போயிருச்சு."

"கள்ளி!" நேசம்மா சிரித்தே விட்டார். தட்டில் இருந்த பிஸ்கட்டைத் தாமே எடுத்துக் கடித்தார்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நாகையா, கறிபாப் பலகாரப் பொட்டலத்தை வீரம்மாவிடம் நீட்டினார். "அக்கா, என்னா நடிப்பு! நானே நம்பிட்டேன். இந்தாங்க."

வீரம்மா வாங்கவில்லை. படியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, உள்ளே கேட்காத குரலில் சொன்னாள்.

"தோசையெல்லாம் இல்லண்ணே. மகளுக்கு ஒம்பது வருசமா புள்ள இல்ல. ஆறு வருசம் விடாம சட்டி விரதம் இருக்கேன்னு வேண்டியிருந்தேன். இன்னைக்குத்தான் ஆறாவது வருசத்துக் கடைசி நாளு."