வரிசையின் வால்

எழுந்தான். பாயைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினான். பல் தேய்த்தான். பாலை அடுப்பில் வைத்தான், பொங்குவதற்கு முன் அணைத்தான். ரொட்டியை வாட்டினான். மகளின் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பினான். கேஸை மூடினான். சன்னலைத் திறந்தான். சன்னலுக்கு வெளியே, வெயில் விழும் சிமெண்ட் திட்டில் இரண்டு ஜோடி ரப்பர் செருப்புகள் இருந்தன. பெரிய ஜோடியை மட்டும் எடுத்துக் கீழே போட்டான். மற்றதைத் தொடவில்லை. திரும்பப் போய் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தான். மூடியிருந்தது. இன்னொரு தடவை போனான்.

"மாமா, கேஸ் எங்கயும் ஓடிப் போயிடாது. நீங்கதான் ஓடிக்கிட்டே இருக்கீங்க. கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் மச்சினி.

அவன் மனைவியின் தங்கை அவள். பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அக்கா போனதிலிருந்து தினமும் காலையில் வந்து குழந்தைக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்குப் போகிறாள். குழந்தைக்கு ஏழு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் நண்டு. பிடித்தால் விடமாட்டாள், அதனால் வந்த பெயர்.

"சித்தி, இறுக்கிப் பின்னு. கடல்காத்துல அவுந்துடும்," என்றது நண்டு.

"இதுக்கு மேல இறுக்கினா கண்ணு ரெண்டும் காதுகிட்ட போயிடும்டி."

அவன் உட்கார்ந்தான். எழுந்தான். ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை எங்கே வைத்தோம் என்று தேடினான். கையிலேயே இருந்தது.

அவனுக்கு வேலை கடற்கரையை ஒட்டிய சுற்றுலா உதவி அலுவலகத்தில். சின்ன ஊர். வருகிறவர்கள் பெரும்பாலும் குழந்தை குட்டிகளோடு வருகிற குடும்பங்கள். 'சார், இங்க சும்மா என்னென்ன பாக்கலாம்?' என்பதுதான் வாசலில் கேட்கும் முதல் கேள்வி. சும்மா என்றால் காசில்லாமல். அதற்காகவே வாசலில் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் சாக்பீஸ் கொண்டு அவன்தான் எழுதுவான். அலைத்தடுப்புச் சுவரில் சூரிய உதயம். மைதானத்தில் பட்டம் விடுதல். வலை இழுப்பதைப் பார்த்தல், விருப்பமிருந்தால் கூடச் சேர்ந்து இழுத்தல். மணல் வீடு. கலங்கரை விளக்கக் குன்றில் ஏறுதல். கடைசியாக, சனிக்கிழமைகளில் பாறை நடை.

பாறை நடை அவன் மனைவியுடையது. பள்ளியில் அறிவியல் டீச்சர். சனிக்கிழமை தோறும், தண்ணீர் இறங்கியிருக்கும் நேரம் பார்த்து, வந்திருக்கும் குடும்பங்களைப் பாறைகளின் மேல் கூட்டிப்போவாள். குட்டைக்குக் குட்டை நின்று கடல் சாமந்தியையும் நட்சத்திர மீனையும் காட்டுவாள். அவள் முன்னால். அவன் வரிசையின் கடைசியில், தலைகளை எண்ணிக்கொண்டு, மற்றவர்களின் பைகளைச் சுமந்துகொண்டு. எங்கேயாவது குறுக்கே ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால், "தலை இருக்க வால் ஆடலாமா?" என்பாள். கூட்டம் சிரிக்கும். அதிலிருந்து அவனை வாலு என்றே கூப்பிட ஆரம்பித்தாள். கல்யாண வீட்டிலும் வாலுதான், வங்கியில் வரிசையில் நிற்கும்போதும் வாலுதான்.

அவள் போய் நான்கு மாதம். பலகையில் பாறை நடை என்ற வரி அப்படியே இருந்தது. பக்கத்தில் 'இந்த வாரம் இல்லை' என்று வாராவாரம் எழுதினான். அலுவலக மேடம் கடைசியில் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு நடத்துங்க, இல்ல அழிச்சிடுங்க தம்பி. இல்லாத ஒண்ண எத்தனை நாளைக்கு இல்லைன்னு எழுதுவீங்க?"

அழித்திருப்பான். டஸ்டரைக் கையில் எடுத்தும் விட்டான். பள்ளி விட்டு வந்த நண்டு அவன் கையைப் பிடித்துத் தொங்கியது.

"அம்மா கடைசியா சொன்னாங்கல்ல, நடைய நிறுத்திடாதீங்கன்னு!"

அம்மா அப்படிச் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவனிடம் கேட்டார்கள், கடைசியாக என்ன சொன்னாள் என்று. கேள்வியெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்காகப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் மச்சினிதான் சொன்னாள்: "அக்காவுக்கு உசுரே அந்தப் பாறைதான். அத நிறுத்திடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போச்சு." யாரோ ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று மாலைக்குள் அது உண்மையாகிவிட்டது. நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு ஓரத்தில் நின்ற குழந்தை, அதைத் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்து விழுங்கிவிட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அழுதது. அம்மா சொன்னதை நாம் செய்யவில்லை என்று அழுதது.

பொய் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் அம்மா என்னதான் சொன்னாள்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவன் நான்கு மாதமாக வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான்.

இன்று சனிக்கிழமை. பலகையில் 'உண்டு' என்று எழுதியிருந்தான்.

கொடிக்கம்பத்தடியில் மூன்று குடும்பங்கள் நின்றன. தொப்பி போட்ட ஒருவர், அவர் மனைவி, இரண்டு பையன்கள். இரட்டைப் பெண் குழந்தைகளோடு ஒரு ஜோடி. ஒரு பெரியவரும் அவர் மருமகளும் பேத்தியும்.

"நீங்கதான் டீச்சரா? போன வருஷம் எங்க ஓரகத்தி வந்தப்ப ஒரு அம்மா கூட்டிட்டுப் போனாங்களாமே," என்றாள் தொப்பிக்காரரின் மனைவி.

"இல்லைங்க. நான் வால்."

"என்னது?"

"பின்னாடி வர்ற ஆளு. இன்னைக்கு முன்னாடி."

"அப்ப பின்னாடி யாரு?"

"நான்!" என்று கையைத் தூக்கியது நண்டு. "நான் எண்ணிக்கிட்டே வருவேன். அப்பா வால்னு கூப்பிட்டா நான் சரின்னு சொல்லணும். அப்பதான் எல்லாரும் இருக்காங்கன்னு அர்த்தம்."

"எள்ளுன்னா எண்ணெயா நிக்குதே இது," என்று பெரியவர் சிரித்தார்.

அவன் நடந்தான். நடந்தான் என்பதைவிட ஓடினான் என்று சொல்லலாம். முதல் குட்டையில் கடல் சாமந்தி இருந்தது. "இது கடல் சாமந்தி. பூ இல்ல, பிராணி," என்றான். நகர்ந்தான்.

"சார், பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சா?" என்றார் தொப்பிக்காரர். "பசங்க இன்னும் குனியவே இல்ல."

நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும். அங்கேதான் சங்கடம். ஆறு வருடம் இந்த நடைக்கு வந்திருக்கிறான், ஆனால் வரிசையின் கடைசியில். காற்று எப்போதும் கடலிலிருந்து அடிக்கும். அவள் சொன்னதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். வாக்கியங்களின் வால்தான் அவனுக்கு வந்து சேரும். "...அதனாலதான் அதுக்கு முகமே கிடையாது" என்பது தெரியும். எதற்கு, ஏன் என்று தெரியாது. "...பொண்டாட்டி வாயும் இப்படித்தான்னு யாரும் நினைக்காதீங்க" என்பது தெரியும். எல்லோரும் சிரித்தது தெரியும். எதற்குச் சிரித்தார்கள்?

பின்னாலிருந்து நண்டு கத்தியது. "விரல வச்சா பூ மூடிக்கும், அதச் சொல்லுப்பா! சாப்பிடறதுக்கும் துப்பறதுக்கும் ஒரே வாய்தான்! அப்புறம் பொண்டாட்டி ஜோக்கு!"

அவன் திருப்பிச் சொன்னான். ஆரம்பம் மகளிடமிருந்து வந்தது, முடிவை அவன் வைத்திருந்தான். நடுவில் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் கூட்டம் சிரித்தது. இரட்டையரில் ஒருத்தி விரலை வைத்தாள். பூ மூடிக்கொண்டது. மற்றவள் தனக்கும் ஒரு பூ வேண்டும் என்று அழுதாள்.

சிரிப்பு அவனுக்குள் எங்கும் போய் ஒட்டவில்லை. கால் மட்டும் துறுதுறுத்தது. சீக்கிரம் முடித்துவிட வேண்டும். நட்சத்திர மீனைக் காட்டினான். "வால்!" என்றான். "சரி!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அடுத்த குட்டை. "வால்!" "சரி!"

கடலோரம் யானைப் பாறை என்று ஒன்று உண்டு. அதன் கால் நனையத் தொடங்கினால் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். அது அவள் வைத்த சட்டம். கடைசிக் குட்டைக்கு வந்தபோது பார்த்தான், கால் நனைந்துவிட்டது. எப்போது நனைந்தது என்று தெரியவில்லை. முன்னால் போகிறவன் பார்க்க வேண்டியது அது. வாலுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"அவ்வளவுதான். தண்ணி ஏறுது. திரும்பலாம்."

"அப்பா, வாடகை வீட்டு நண்ட சொல்லல!"

"அடுத்த வாரம்," என்று சொல்லிவிட்டுப் பெரியவரின் கையைப் பிடித்துக் கரையைப் பார்த்து இறங்கினான். இரட்டையரில் ஒருத்தியைத் தோளில் தூக்கிக்கொண்டான். வழுக்கும் இடங்களில் நின்று ஒவ்வொருவராக இறக்கிவிட்டான். மணலில் கால் வைத்ததும் எண்ணினான். தொப்பிக்காரர் நால்வர். ஜோடியும் பிள்ளைகளும் நால்வர். பெரியவர் பக்கம் மூவர். எல்லாரும் இருந்தார்கள். கணக்கு சரியாக இருந்தது.

"வால்!" என்றான்.

பதில் இல்லை.

"வால்!"

எண்ணுகிற ஆளை எண்ண யாரும் இல்லை. அது அவனுக்கு உறைக்க ஒரு மூச்சு நேரம் ஆனது.

"உங்க பொண்ணு அங்கயே உக்காந்திருந்துச்சே," என்றாள் மருமகள். "நீங்க பாத்துட்டுத்தான் வந்தீங்கன்னு நினைச்சேன்."

கரையில் உயர நாற்காலியில் இருந்த பாதுகாவலர் விசில் ஊதினார். ஊர் முழுக்க அவரை விசில் என்றுதான் சொல்வார்கள். கையை நீட்டிக் காட்டினார். பாறைகளுக்கும் மணலுக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் தண்ணீர் வெள்ளையாக நுரைத்து ஓடியது. அந்தப் பக்கம், கடைசிக் குட்டையின் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சின்ன உருவம். இறுக்கிப் பின்னிய சடை.

அவன் இறங்கினான். முழங்கால். இடுப்பு. ஓர் அலை மார்பில் அறைந்தது. ஒரு செருப்பு கழன்றது, காலாலேயே தேடிப் பிடித்து மாட்டினான். ஏன் அதைத் தேடினான் என்று பிறகும் அவனுக்குப் புரியவில்லை. பின்னால் விசில் தண்ணீரில் குதித்த சத்தம் கேட்டது. அவன் திரும்பவில்லை. நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்குக் குளிர் தெரிந்தது. பயம் தெரிந்தது.

பாறையில் ஏறியபோது நண்டு குட்டையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. சுற்றிலும் தண்ணீர். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"...இவருக்குச் சொந்த வீடு கிடையாது. சங்கு காலியா இருந்தா குடி வந்துடுவாரு. வாடகை கேட்டா உள்ள போய்க் கதவச் சாத்திக்குவாரு..."

"நண்டு."

"இருப்பா. முடிச்சிடறேன்."

"தண்ணி ஏறுது பாரு!"

"தெரியும். பயமா இருக்கு." அது அழுதது. "ஆனா பாதியில நிறுத்தக் கூடாது. அம்மா சொன்னாங்கல்ல."

அவன் குனிந்து மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். விசில் முன்னால் நின்று கயிற்றை நீட்டினார். மூன்று பேரும் மணலுக்கு வந்து விழுந்தார்கள்.

"படிச்ச ஆளுதானே நீ?" என்று விசில் இரைந்தார். "ஆழம் தெரியாமக் கால விடற மாதிரியா அந்தப் புண்ணியவதி உனக்குக் கத்துக்கொடுத்தா?" பிறகு தன்னுடைய துண்டை எடுத்துக் குழந்தையின் தலையைத் துவட்டினார்.

வீட்டுக்கு நடந்தார்கள். செருப்பு சளக் சளக்கென்றது. நண்டு அவன் விரலைப் பிடித்திருந்தது. இவ்வளவு மெதுவாக அவன் இந்தத் தெருவில் நடந்து நாளாகிறது.

வாசலில் இருவரும் நின்றார்கள்.

"அம்மா அப்படிச் சொல்லலடா," என்றான்.

"எப்படி?"

"நடைய நிறுத்திடாதீங்கன்னு. அது சித்தி சொன்னது. அம்மாவுக்கு நல்ல பேரு வரட்டும்னு சொன்னா. அம்மா உன்ன எதையும் செய்யச் சொல்லல. அடுத்த சனிக்கிழமை உனக்கு வேணும்னா போலாம். வேணாம்னா பட்டம் விடலாம். ரெண்டும் பலகையில இருக்கு."

நண்டு அவன் விரலை விட்டது. சித்தி பொய் சொல்வாளா என்று கணக்குப் போட்டது போலிருந்தது. பிறகு அவன் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டது.

"அப்ப என்னதான் சொன்னாங்க?"

அவன் தன் காலைப் பார்த்தான். செருப்பிலிருந்து தண்ணீர் வடிந்து வாசற்படியில் ஓடியது. அன்றும் இப்படித்தான் ஓடியது. நடை முடிந்து வந்திருந்தார்கள். தலை வலிக்கிறது என்று சொல்லி அவள் உள்ளே போய்ப் படுத்தாள். அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான், இதே செருப்போடு. அவள் கட்டிலிலிருந்தே குரல் கொடுத்தாள். அவன் அவள் சொன்னபடியே செய்துவிட்டு, சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போனான். அதற்குள் முடிந்துவிட்டது. இதைப் போய் யாரிடம் சொல்வது? கண்ணைத் துடைத்துக்கொள்ள வந்தவர்களிடம் இதையா சொல்வது?

"சொல்லுப்பா."

குனிந்து செருப்பைக் கழற்றினான். மகளுடையதையும் கழற்றினான். நான்கையும் கையில் வைத்துக்கொண்டு, அவள் குரலில் இருந்த அதட்டல் கொஞ்சமும் குறையாமல், அவள் சொன்னதைச் சொன்னான்.

"யோவ் வாலு, அந்த ஈரச் செருப்ப உள்ள கொண்டு வராதய்யா, வீடே நாறும். வெயில்ல வையி. என்னோடதையும் சேத்து வையி."