ஆறாத கட்டைவிரல்

படச்சட்டம் போடும் கடைக்காரரின் இடது கட்டைவிரலில் ஒரு சின்னக் கீறல் ஆறவே மாட்டேன் என்றது. கண்ணாடி அறுக்கிறவருக்குக் கீறல் புதிதல்ல. முன்பெல்லாம் சோற்றுக்கற்றாழை மடலைப் பிளந்து, உள்ளிருக்கும் வழவழப்பான சதையைத் தடவித் துணி கட்டினால் விரைவில் தோல் மூடிவிடும். இப்போதும் அதே தொட்டி, அதே செடி, அதே விரல். ஆனால் காலையில் கட்டைப் பிரித்ததும் ரத்தம் துளிர்த்தது.

அந்த விரல் இல்லாமல் வேலை நடக்காது. வலது கை கண்ணாடி அறுக்கும் வைரமுனையை இழுக்கும்போது அளவுகோலை அழுத்திப் பிடிப்பது இடது கட்டைவிரல்தான். அது நழுவினால் கோடு கோணும். கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். சட்டமில்லாத படங்கள் சுவரோரம் சேர்ந்துகொண்டே போயின. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

முன்பு கட்டுப் போட்டுப் பிரித்துவிட்டவர், கடையில் கூடவே வேலை பார்த்த தங்கை வீட்டுக்காரர். கண்ணாடியை விட்டுவிட்டு அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டுக்கு மாறலாம் என்றார் மாப்பிள்ளை. முடியாது என்றார் இவர். பேச்சு தடித்தது. மாப்பிள்ளை தங்கையோடு வேறு ஊர் போய்த் தனிக்கடை போட்டுவிட்டார். அதன்பின் கடையில் இரண்டாவது முக்காலியில் பழைய செய்தித்தாள்தான் உட்கார்ந்திருந்தது. சில நாள் இவர் வாய் திறப்பது வாடிக்கையாளரிடம் அளவு கேட்க மட்டுமே.

டாக்டரம்மா பார்த்தார். உள்ளே கண்ணாடிச் சில் இல்லை, சீழும் இல்லை. கற்றாழை சின்னத் தீக்காயத்துக்கு உதவுவதாகச் சில ஆய்வுகள் உண்டு, வெட்டுக்காயத்துக்கு அந்த அளவு சான்று இல்லை, சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அப்படியானால் குற்றம் கற்றாழையுடையதா? ஆள்காட்டி விரலிலும் ஒரு கீறல் விழுந்தபோது சோதித்துப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கற்றாழை, ஆள்காட்டி விரலைக் கழுவித் துணி மட்டும். இலை கெடுத்தால் ஆள்காட்டி விரல் முந்த வேண்டும். இலை காத்தால் கட்டைவிரல். இரண்டுமே ஆறவில்லை. ஆக, இலையில் இல்லை சங்கதி. இரண்டு விரலுக்கும் பொதுவாக ஏதோ நடக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். இவர் வீட்டில் ஆள் இல்லை.

கண்ணாடி வெட்டிய காயத்துக்காக கண்ணாடியே வேண்டாம் என்ற மாப்பிள்ளைக்கே போன் போடுவதா? போனை எடுத்து எடுத்து வைத்தார். கடைசியில் போட்டார். நலம் விசாரித்துவிட்டு, தங்கையைக் கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் விரலைப் பற்றிச் சொன்னார்.

"அக்ரிலிக் கடிக்காது, மச்சான்."

"அதுல கீறல் விழுந்து படத்துல மூஞ்சியும் தெரியாது, மாப்ளே."

மறுமுனையில் சிரிப்பை அடக்குவது கேட்டது. "சரி, கட்டை எப்படிப் பிரிக்கிறீங்க?"

"எப்படின்னா? கட்டுப் போட்டது போக இருக்கிறது ஒத்தக் கை. துணிய பல்லால கடிச்சு ஒரே இழுப்பு."

"அப்புறம் எங்க ஆறும்? நான் தண்ணில ஊறவச்சுதான எடுப்பேன். நான் பிரிக்கும்போது ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா? தெருவப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. ரத்தத்தப் பாத்தா மயக்கம் வர்ற கண்ணாடிக்காரரு."

வாஸ்தவம்தான். இவர் பார்த்ததே இல்லை.

புண்ணில் கசியும் நீர் காய்ந்தால் பசையாகிறது. கற்றாழைச் சாறும் காய்ந்தால் அப்படித்தான். முதல் நாள் முளைத்த மெல்லிய தோலும் துணியோடு ஒட்டிக்கொள்ளும். துணியைப் பிய்த்தால் தோலும் கூடவே வரும். தினமும் புதிதாய் வளர்ந்ததைத் தினமும் உரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கொதித்து ஆறிய தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றி, கட்டோடு இரண்டு விரலையும் அமிழ்த்தினார்.

"நல்லா ஊறட்டும் மச்சான். நான் லைன்லயே இருக்கேன்."

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. ஊறிய துணி சிவப்புப் படாமல் தானாக வழுகி வந்தது. காய்ந்த கட்டைப் பிய்க்கக் கூடாது. சுத்தமான தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும்.