இரண்டு மணிக்குத் திரும்பிய சாலை

கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. காற்று இந்த ஜன்னல் பக்கம்தான் வருகிறது. கடைசியில் இருப்பவளும் நகர்ந்து உட்காரட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு பூட்டும் ஒரு துண்டும் வருகிற கதை சொல்கிறேன். வழி கேட்டுக் கேட்டு, சொன்னபடியே போய், போகக்கூடாத இடத்தில் போய் நின்றாளே ஒருத்தி, அவள் கதை.

ருணுமி என்று பேர். அசாமில் தேஜ்பூர்க்காரி. கூட வந்தவள் ஜோனாலி, கல்லூரித் தோழி. கைபேசி எல்லாம் வராத காலம் அது. பரீட்சை முடிந்த கையோடு ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, பூரிக்குப் போய்க் கடல் பார்ப்பது என்று கிளம்பிவிட்டார்கள். இரண்டு பேருமே அதுவரை கடல் பார்த்ததில்லை. நடுவில் கல்கத்தாவில் மூன்று நாள், இருப்பதிலேயே மலிவான விடுதியில்.

அன்று மாலை கொட்டுகிற மழையில் வந்து இறங்கினார்கள். முகவரி எழுதிய காகிதத்தை ரிக்‌ஷாக்காரர் கையில் கொடுத்தாள் ருணுமி. மை கரைந்து அது நீலச் சேறாகிவிட்டது. அவரோ, "முதுகுல மூட்டையோட வர்றவங்க எல்லாம் எங்க போவாங்கன்னு எனக்குத் தெரியாதாம்மா?" என்று இழுத்துக்கொண்டு போய், மியூசியத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இறக்கிவிட்டார். தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடியவர்கள், பெயர்ப்பலகை இருந்ததா என்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

மூன்றாம் மாடியில் அறை. இரண்டு கட்டில், சந்துப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்தான். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹரேன் பாபு, "நாளைக்குப் போட்டுடலாம்" என்றார். அந்தச் சுவரில் மூன்று வருஷத்துக்கு முன்னால் யாரோ, 'தாழ்ப்பாள் நாளைக்கு வருமாம்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். இப்படி ஊர் சுற்றுகிறவர்கள் எப்போதும் சொந்தப் பூட்டு ஒன்றைப் பையில் வைத்திருப்பார்கள். ருணுமியிடமும் ஒன்று இருந்தது. ஒற்றைச் சாவி, அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாள்.

விடிந்தால் ஜோனாலிக்கு உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. ருணுமி தன் கமோசாவை நனைத்து அவள் நெற்றியில் போட்டாள். கமோசா என்றால் அவர்கள் ஊர்த் துண்டு. வெள்ளைத் துணி, இரண்டு தலைப்பிலும் சிவப்பு நூலில் பூ. ருணுமியின் அம்மா தறியில் நெய்தது.

"மாத்திரை வாங்கிட்டு வரட்டுமா?"

"முழுங்கினா வாந்தி வரும். எனக்கு எப்பவும் ஹோமியோபதிதான் கேக்கும், தெரியுமில்ல."

கீழே போய்க் கேட்டால் ஹரேன் பாபுவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "அப்படிச் சொல்லு! பௌபஜார்ல ஒரு டாக்டர் இருக்காரு. நாக்க நீட்டினா போதும், மூணு தலைமுறை வியாதியச் சொல்லிடுவாரு."

"நாக்கு மேல மாடியில படுத்திருக்கு, பாபு."

"பரவால்ல. உன் நாக்கக் காட்டு. சிநேகிதி நாக்குதானே, அவரு கண்டுபிடிச்சிடுவாரு."

மேலே வந்து சொன்னதும் ஜோனாலி கையைப் பிடித்துக்கொண்டாள். "கதவத் திறந்து போட்டுட்டுப் போகாத. வராண்டால யார் யாரோ போறாங்க."

"பூட்டிட்டுப் போறேன்."

"ஐயோ, பூட்டாத! பூட்டினா எனக்கு மூச்சு முட்டும்."

திறக்கவும் கூடாது, பூட்டவும் கூடாது என்றால் என்னதான் செய்வது? ருணுமி அவள் தூங்கும்வரை தலையைக் கோதினாள். "நீ கண்ணு முழிக்கிறப்ப நான் இங்க இருப்பேன்" என்றாள். தூங்கியதும் சத்தமில்லாமல் வெளியே வந்து, பூட்டிவிட்டாள். ஹரேன் பாபுவிடம் ஒரு வார்த்தை சொல்லலாம் என்றால் மேசையில் அவர் குடை மட்டும்தான் இருந்தது.

அவள் கவனமில்லாத பெண் இல்லை. சந்திலிருந்து பெரிய சாலைக்கு வந்ததும் நின்று பார்த்தாள். ஒருவழிச் சாலை, வண்டிகள் எல்லாம் முகத்துக்கு நேரே வந்தன. அவற்றை எதிர்த்து நடந்தாள், சிவப்புத் தபால்பெட்டி பக்கத்தில் பேருந்து நிறுத்தம் வந்தது. திரும்பும்போது தபால்பெட்டி, வண்டிகள் போகிற பக்கமே நடை, கோழிக்கடை, அதை ஒட்டிய சந்து. பேருந்து ஏறியதும் இதை வாய்க்குள் மூன்று தடவை சொல்லிக்கொண்டாள். நடத்துனரிடமும் கேட்டாள். "திரும்பி வர்றதுக்கு எங்க ஏறணும், காகு?" அந்த ஊரில் பெரியவர்களைச் சித்தப்பா முறை வைத்து அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர், "இந்த ரோட்டுல திரும்பற வண்டி கிடையாது. அடுத்த ரோட்டுக்குப் போய் நில்லு" என்றார். அதையும் மனசில் முடிந்துகொண்டாள்.

டாக்டர் வீட்டில் நாற்பது பேர். மருந்து கைக்கு வந்தபோது மணி இரண்டேகால். ருணுமி ஓடாத குறையாக அடுத்த சாலைக்குப் போனாள். சொன்னபடி பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஜோனாலி இன்னும் தூங்கிக்கொண்டிருக்க வேண்டுமே என்பதுதான் நெஞ்சு முழுக்க.

கண்ணைத் திறந்தால் ஊரே வேறாக இருந்தது.

"காகு, மியூசியம் எப்ப வரும்?"

"நாளைக்குக் காலைல வரும், மா." பேருந்தே சிரித்தது. "இது ஷ்யாம்பஜார் போற வண்டி. மியூசியம் உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கு."

"உங்க ஆளுதான் காலைல சொன்னாரு, திரும்பறதுக்கு அந்த ரோட்டுல நில்லுன்னு!"

"சரியாத்தான் சொல்லியிருக்காரு."

"அப்புறம் ஏன் இது இந்தப் பக்கம் போகுது?"

"ரெண்டு மணிக்கு ரோடு திரும்பிடுச்சுல்ல?"

ருணுமி இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டாள். "ரோடு எப்படித் திரும்பும்?"

"தினமும் திரும்புமே! காலைல அப்படிப் போற ஒருவழி ரோடு மத்தியானம் இப்படிப் போகும். இப்படிப் போறது அப்படி வரும்."

வெளியூர்க்காரி என்று கேலி செய்கிறார்களா? ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் கண்ணடிக்கவில்லை. சாலை திரும்புவது மழை பெய்வதைப் போல அவர்களுக்குச் சாதாரணமாக இருந்தது. பக்கத்து இருக்கையில் மீன் பையை மடியில் வைத்திருந்த பருத்த அம்மாள் ஒருத்தி, "நிஜந்தான்டி பொண்ணே. என் கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை வண்டி ஒரு மணிக்கு வரவேண்டியது, ரெண்டரைக்கு வந்துச்சு. வழியிலயே ரெண்டு மணி ஆகி ரோடு திரும்பிடுச்சு, ஊரெல்லாம் சுத்திட்டுத்தான் வந்தாங்க. அந்த மனுஷன் இன்னிக்கும் அப்படித்தான், நேரா ஒரு இடத்துக்கு வரமாட்டாரு" என்றாள்.

அடுத்த நிறுத்தத்தில் ருணுமி குதித்து இறங்கினாள். எதிர்ப்பக்கம் போகிற வண்டி ஒன்றுகூட இல்லை. டீக்கடையில் ஒருவரிடம் வழி கேட்டாள், அதுதான் தப்பு. அந்த ஊரில் ஒருவரிடம் வழி கேட்பது ஐந்து பேரைச் சண்டைக்கு அழைப்பது.

"வலது பக்கம் போய் மூணாவது தெருவுல பஸ்ஸப் பிடி."

"யோவ், அது பன்னெண்டு மணி வரைக்கும். இப்ப இடது."

"இன்னிக்கு சனிக்கிழமை. சனிக்கிழமை வேற கணக்கு."

"இன்னிக்கு வெள்ளிய்யா!"

கண்ணாடி போட்ட ஒருவர் பெஞ்சில் சிந்திய டீயில் விரலை நனைத்து வரைபடமே போட்டார். இன்னொருவர் அதை முழங்கையால் அழித்து வேறொன்று போட்டார். ருணுமிக்கு எது வலது, எது இடது, இன்று என்ன கிழமை என்பதெல்லாம் குழம்பிப்போனது. "ஜோனாலிய உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "காய்ச்சல். பூட்டினது அவளுக்குத் தெரியாது."

அவள் பின்னாலேயே இறங்கியிருந்த மீன் பை அம்மாளின் முகம் மாறியது. "பூட்டிட்டா வந்த? சாவி?"

கழுத்துக் கயிற்றை இழுத்துக் காட்டினாள்.

"அட என் தாயே! ஏய், நாலு பேரும் கொஞ்சம் வாய மூடுங்க. விடுதிப் பேரு என்னடி?"

"தெரியாது, மாஷிமா. மியூசியத்துக்குப் பின்னாடி. கோழிக்கடைப் பக்கம் ஒரு சந்து." மாஷிமா என்றால் அங்கே பெரியம்மா முறை.

"அந்தப் பக்கம் கோழிக்கடையும் சந்தும்தான் மொத்தமுமே. சரி, முதல்ல அங்க போய்ச் சேரு. ட்ராம்ல ஏறு. அதுக்குத் தண்டவாளம் இருக்கு. காலையோ மாலையோ, எந்தப் போலீஸ்காரனாலும் அதத் திருப்பிவிட முடியாது. தர்மதலால இறங்கி நேரா நட."

ட்ராம் வந்தபோது வரைபடம் போட்ட இருவரும் ஒன்றாகக் கத்தி அதை நிறுத்தினார்கள். ஏறிவிட்டாள். ஆனால் அந்த ட்ராம் இருக்கிறதே, மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர் மாதிரி நின்று நின்று போனது. ஒரு மூட்டைக்காரருக்கு நின்றது, ஒரு மாட்டுக்கு நின்றது, சும்மாவும் நின்றது. ருணுமி சாவியை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்திருந்தாள். இப்போது விழித்திருப்பாள். இப்போது கதவை இழுத்துப் பார்த்திருப்பாள். இப்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்.

தர்மதலாவில் இறங்கி ஓடினாள். மியூசியம் வந்தது. பக்கவாட்டில் புகுந்து தேடினால், இதோ சிவப்புத் தபால்பெட்டி! அதைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இனி வண்டிகள் போகிற பக்கமே நடை. நடந்தாள். கோழிக்கடை வரவில்லை. செருப்புக்கடை, பழைய புத்தகக்கடை, ஒரு சர்ச். இன்னும் நடந்தாள். இந்தச் சர்ச்சைக் காலையில் பார்க்கவே இல்லையே! ஒரே நாளில் கோழிக்கடையை எடுத்துவிட்டுச் சர்ச் கட்டிவிட்டார்களா?

நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எதிரே வண்டிகள் ஓடிக்கொண்டே இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு மெல்ல ஒன்று புரிந்தது. இந்தச் சாலையும்தானே இரண்டு மணிக்குத் திரும்பியிருக்கும்! வண்டிகள் போகிற பக்கம் என்று மனப்பாடம் செய்தது காலைச் சாலைக்கு.

எழுந்தாள். வண்டிகளை எதிர்த்துக்கொண்டு, தபால்பெட்டியையும் தாண்டி ஓடினாள். கோழிக்கடை வந்தது. ஒன்று இல்லை, அடுத்தடுத்து மூன்று. ஒவ்வொன்றை ஒட்டியும் ஒரு சந்து. எல்லாச் சந்திலும் பச்சை ஜன்னல், எல்லா மாடியிலும் துணி. முதல் சந்தில் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வரிசையாகச் சிவப்புக் கட்டம் போட்ட வங்காளத் துண்டுகள், மழை விட்டதும் ஊரே காயப்போட்டிருந்தது. இரண்டாவதிலும் சிவப்புக் கட்டம்தான். மூன்றாவதில் திரும்பினாள். கட்டம், கட்டம், கட்டம், அவற்றுக்கு மேலே மூன்றாம் மாடி ஜன்னல் கம்பியில் இறுக்கி முடிச்சுப் போட்டு ஒரு வெள்ளைத் துணி. தலைப்பில் சிவப்புப் பூ.

அம்மா நெய்த பூ! அதன் ஒரு இதழ் எப்போதும் கொஞ்சம் கோணலாக இருக்கும்.

எத்தனை படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. கதவுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டு ஹரேன் பாபு உட்கார்ந்திருந்தார். மடியில் அம்மிக் குழவி. கதவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "அப்புறம் என் ரெண்டாவது தங்கச்சிக்குக் காமாலை வந்துச்சு பாரு…" ருணுமியைக் கண்டதும் எழுந்தார். "வந்தியா, மகராசி! ஒரு மணி நேரமா என் குடும்பத்து வியாதி மொத்தத்தையும் இந்தக் கதவுக்குச் சொல்லிட்டேன்."

"குழவி எதுக்கு, பாபு?"

"பூட்ட உடைக்கத்தான். உன் சிநேகிதி விடமாட்டேன்னுட்டா."

அவசரத்தில் இரண்டு தடவை சாவி தவறியது. மூன்றாவது தடவை பூட்டு திறந்தது. ஜோனாலி கதவை ஒட்டித் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அது காய்ச்சல் சிவப்பு மட்டும் இல்லை.

"பூட்டிட்டுப் போயிட்டியே" என்றாள்.

"ஆமா. பொய் சொல்லிட்டேன்." ருணுமியும் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "ஏன்டி உடைக்க விடல?"

"முதல்ல உடைக்கச் சொல்லித்தான் அழுதேன். அவரு குழவிய ஓங்கினதும் தோணுச்சு. உடைச்சுட்டா பூரியில எதை வச்சுப் பூட்டறது? அங்கயும் எவனாவது நாளைக்குத் தாழ்ப்பாள் போடறேன்னுதானே சொல்லப்போறான்." மூக்கை உறிஞ்சினாள். "நீ விடுதிப் பேரக்கூடப் பார்க்கலன்னு எனக்குத் தெரியும். நானும் பார்க்கல. அதான் கமோசாவக் கட்டிவிட்டேன். எங்கடி போன இவ்வளவு நேரம்?"

"எங்கயும் போகல. ரோடு திரும்பிடுச்சு."

ஜோனாலி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "உனக்கும் காய்ச்சல் வந்துடுச்சா?"

ருணுமி சொல்லிப் பார்த்தாள். காலை, மத்தியானம், அந்த ரோடு, இந்த ரோடு. சொல்லச் சொல்ல அவளுக்கே நம்பிக்கை குறைந்தது. ஹரேன் பாபுவோ, "இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு, ரெண்டு மணிக்கு ரோடு திரும்பும்" என்று குழவியைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டார்.

மருந்துப் பொட்டலத்தைப் பிரித்தாள். "காலைல மூணு உருண்டை, சாயங்காலம் நாலு."

"ரெண்டு மணிக்கு மேல தலைகீழாகிடுமான்னு டாக்டரக் கேட்டியா?" என்றாள் ஜோனாலி.

அப்போதுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து ஜோனாலிக்கு இருமல் வந்தது, ருணுமிக்கு அழுகை வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, பைகளை மாட்டிக்கொண்டு அவர்கள் கீழே வந்தபோது, ஹரேன் பாபு ரயில் நிலையத்துக்கு வழி சொல்ல வாயைத் திறந்தார். இரண்டு பெண்களும் ஒரே குரலில் கேட்டார்கள்: "எத்தன மணிக்கு, பாபு?"

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிறவர்கள் எந்தச் சாலை எப்படித் திரும்பினாலும் பத்திரமாக வீடு வந்து சேரட்டும். உள்ளே காத்திருப்பவர்களுக்கு மூச்சு முட்டாமல் இருக்கட்டும். உங்கள் ஜன்னலில் தெரிந்த துணி ஒன்று எப்போதும் ஆடிக்கொண்டிருக்கட்டும். நன்றாக இருங்கள்.