நிழல் நிக்கட்டும்

கிள்ளான் டவுனில் இருந்த அந்தப் படக்கடையில் இராசேஸ்வரிக்கு ஆறு வருஷ வேலை. ஃபிலிம் கழுவி, படம் போட்டு, கவரில் அடைப்பாள். கெட்டுப்போன படங்களைப் போடுவதில்லை என்பது கடை வழக்கம். எது கெட்டது என்று முடிவு செய்வதும் அவள்தான். ஆடியது, இருண்டது, விரல் மறைத்தது எல்லாவற்றையும் ஒரே பார்வையில் ஒதுக்கிவிடுவாள்.

1987 மார்ச்சில் ஒருநாள் பண்டமாரானிலிருந்து வரும் தம்புசாமி கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். நாற்பதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர்.

"மிஸ், முப்பத்தாறுல அஞ்சுதானே இருக்கு?"

"மத்ததெல்லாம் ஸ்போயில் அண்ணே. வெறும் கட்டம் கட்டமா கலருதான். தெரியாம பட்டனை அமுக்கிட்டீங்க போல."

"தெரிஞ்சுதான் அமுக்கினேன் லா," என்றார் சாந்தமாக. "அஞ்சும் மக பொறந்தநாளு. அந்த முப்பத்தொண்ணுதான் எனக்கு வேணும்."

வேண்டாவெறுப்பாகத்தான் போட ஆரம்பித்தாள். நாலாவது படத்தில் கை நின்றது. வானம் இல்லை, தரை இல்லை. சிவப்பும் நீலமுமாகக் கட்டங்கள் சரிந்து கிடந்தன. நடுவில் ஒரு மஞ்சள் கோடு எங்கிருந்தோ வந்து எங்கோ போனது. படத்தைத் திருப்பினாள். வேறு படமாகிவிட்டது. மறுபடியும் திருப்பியபோது உட்கார்ந்திருந்த ஸ்டூல் கீழே இறங்குவது போலிருக்க, மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவரிடமே கேட்டாள். "என்னண்ணே இது?"

"கேபின்ல காலுக்குக் கீழ கண்ணாடி, மிஸ். அடுத்த லோரி வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கேன்? குனிஞ்சு எடுப்பேன். நேர் கீழ பார்த்தா கொந்தேனர் பெட்டி கொந்தேனரா இருக்காது."

அதற்கப்புறம் அவர் ஃபிலிம் வந்தால் அதைத்தான் முதலில் கழுவுவாள். மழை விட்டதும் தேங்கிய தண்ணீரை எடுத்திருப்பார். பெட்டிகளுக்கு அடியில் மேகம் கிடக்கும். ஒருமுறை முப்பத்தாறும் ஒரே இடம், கிரேனின் நிழல் மட்டும் படத்துக்குப் படம் நகர்ந்துகொண்டிருந்தது. இந்தப் பொறுமை இவருக்கு எப்படி வந்தது என்று வியந்துபோனாள்.

ஜூலையில் வந்த ஒரு படத்தை அவளாகவே பெரிதாக்கினாள். காலை வெயிலில் ஏழு பேர் கேன்டீனுக்கு நடக்கிறார்கள்.

"தலைகீழா புடிச்சிருக்கீங்க மிஸ்."

"இல்லண்ணே, இப்படியே பாருங்க."

ஏழு நிழல்களும் நெட்டை நெட்டையாக எழுந்து நின்றன. நிஜ ஆட்கள் அவற்றின் காலடியில் கறுப்பு உருண்டைகளாக ஒட்டிக் கிடந்தார்கள். தம்புசாமி வெகுநேரம் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா மேல உக்காந்திருக்கேன். எனக்கு இது தெரியல."

"எடுத்தது நீங்கதானே அண்ணே," என்றாள் அவள்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் படக்கண்காட்சி ஒன்று வந்தது. அவள் வற்புறுத்தித்தான் அவர் அந்தப் படத்தைக் கொடுத்தார். எந்தப் பக்கம் மேலே என்று கேட்டு அங்கிருந்து கடைக்கு ஃபோன் வந்தது. "நிழல் நிக்கட்டும்," என்றார் அப்போது கடையில் இருந்த தம்புசாமி. பரிசு கிடைக்கவில்லை. என்ன படம் என்று விளங்கவில்லை என ஒரு நடுவர் எழுதியிருந்தார்.

கண்காட்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தம்புசாமியோடு வேலை பார்க்கும் துறைமுக ஆட்கள் பதினோரு பேர் ஒரு லோரியில் வந்து இறங்கினார்கள். படத்தின் முன்னால் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார்கள். திடீரென்று இராமலிங்கம் என்பவர் கத்தினார்.

"டேய், இது நான்டா! கையில பிளாஸ்க் தொங்குது பாரு!"

அவ்வளவுதான். ஆளாளுக்குத் தன் நிழலைத் தேட ஆரம்பித்தார்கள். தொப்பி வைத்து ஒருவர், நொண்டும் காலை வைத்து ஒருவர் என்று கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

"இதை எடுத்தவன் எங்க?" என்றார் இராமலிங்கம். "நம்மள இவ்வளவு உசரமா எவனும் எடுத்ததில்ல லா!"

தம்புசாமி வாசலருகே, யாரோ கொடுத்த சிரப் தண்ணியைக் குடிக்காமல் பிடித்தபடி நின்றிருந்தார். இராசேஸ்வரி போய் கிளாஸைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"கூப்பிடுறாங்க அண்ணே. போங்க."

அவர் நடந்து வர, கூட்டம் விலகி வழிவிட்டது.