ரெஜி மாமாவின் இடது தோள்

"புரட்டுங்கண்ணே, யல்லா, சீக்கிரம். அடுத்த பாடி வெளிய நிக்குது," என்றான் பிணவறை ஊழியன் அருள்ராஜ்.

"பாடி எப்படிடே நிக்கும்?"

"ஷார்ஜாவுல எல்லாத்துக்கும் க்யூதான்."

ஜெகின் மாமனாரின் உடலைப் பக்கவாட்டில் சாய்த்தான். மருமகன் என்ற முறையில் சட்டை போட்டுவிட வந்தவன்தான். ஆனால் அவன் கண் சட்டையில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த இடது தோளைப் பார்த்துவிடக் காத்திருந்தான்.

ரெஜி மாமா இங்கிலாந்தில் ஒரு நூற்பாலை ஊரில் பிறந்தவர். வீட்டில் ஏழு பிள்ளைகளுக்கு நாலு ஜோடி பூட்ஸ். பட்டாளத்தில் ஆளுக்கு இரண்டு ஜோடி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பதினேழு வயதில் சேர்ந்தாராம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் ஓமன் மலையில் சண்டை. தோளில் குண்டு பாய்ந்ததாக, ஷார்ஜாவில் அவர்கள் குடியிருந்த ரோலாவில் சபைக்காரர்களிடம் சொல்வார். ஜெகினிடம் மட்டும், இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு, ஒட்டகம் கடித்ததாகச் சொல்வார். அந்த ஒட்டகம் கார்ப்பரலாம். தன்னைவிடப் பெரிய பதவி என்பதால் திருப்பி அடிக்க முடியவில்லையாம். சிரிக்காமல் சொல்வார்.

ஒரு பதக்கம் கிடையாது, ஒரு போட்டோ கிடையாது. கேட்டால் பெட்டியோடு கடலில் போய்விட்டது என்பார். கடற்கரையில்கூடப் பனியனைக் கழற்றாத மனிதர். ஏதோ கேன்டீனில் வெங்காயம் உரித்துவிட்டுப் பட்டாளக் கதை விடுகிறார் என்பது ஜெகினின் முடிவு.

இன்று அந்தச் சந்தேகத்துக்குக் கெடு வந்திருந்தது. நாலு மணிக்கு அடக்கம். பழைய பட்டாளத்துக்காரர்கள் சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கொடியோடு வருவதாக மாமியார் எலிசா சபை முழுக்கச் சொல்லிவிட்டாள். அவர் வந்து நாலு கேள்வி கேட்டுக் கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டால், மாமி அப்புறம் ரோலாவில் தலைகாட்ட முடியாது. பொய்யென்றால் இப்போதே அவரைத் தடுத்துவிட வேண்டும்.

தோளில் குண்டு பாய்ந்த வடு இல்லை. பிறை வடிவத்தில் வெளிறிய பள்ளங்கள் இருந்தன.

"பல்லு மாதிரில்லா இருக்கு?" என்றான் ஜெகின்.

அருள்ராஜ் குனிந்து பார்த்தான். "இம்புட்டுப் பெரிய வாய் எங்க ஊரு கவுன்சிலருக்குத்தான் உண்டு."

வெளியே வராந்தாவில் எலிசா உட்கார்ந்திருந்தாள். நாற்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்தவள்.

"என்ன மக்களே, தோளப் பாத்தாச்சா?"

ஜெகின் திடுக்கிட்டான். "மாமி... அது குண்டு இல்ல."

"குண்டுன்னு சொல்லச் சொன்னதே நாந்தான். குளச்சல்ல எங்க அப்பாட்ட, ஒட்டகம் கடிச்ச மாப்பிள்ளைன்னா சொல்ல முடியும்? அந்த மனுசனுக்குப் பொய்யும் வராது. சொல்லும்போதெல்லாம் காது செவந்து போவும்."

"அப்போ பட்டாளம்?"

எலிசா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"நான் கூடப் போயா பாத்தேன்?"

ஜெகின் தள்ளிப் போய்ச் சங்கத்துக்காரருக்குப் போன் போட்டான். மூன்று முறை போட்டும் அவர் எடுக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் சபைக்காரர்கள் கூடியிருந்தார்கள். வெள்ளைக்காரக் கிழவர், கொடியை சூப்பர் மார்க்கெட் பையில் வைத்துக்கொண்டு வந்தார். நேராக ஜெகினிடம் வந்து, அவனை ஓரமாக அழைத்தார்.

"அவன் அவித்த உருளைக்கிழங்கை ஒரு வருடம் தின்றவன் நான்," என்றார் ஆங்கிலத்தில். "ஒரே முகாம். நான் லீவில் போயிருந்தபோதுதான் அது நடந்தது. தோளில் என்னடா என்றால் ஒட்டகம் என்பான். எங்களில் ஒருவரும் நம்பவில்லை. சமையல்காரன் குண்டடி பட்டேன் என்று சொல்லக் கூச்சப்படுகிறான் என்று நினைத்தோம்." கண்களைச் சுருக்கினார். "நீதான் அவனுக்குச் சட்டை போட்டுவிட்டாயாமே. உண்மையைச் சொல். குண்டுதானே?"

பிடி மண்ணோடு எலிசா குழியருகே நின்றிருந்தாள். இன்னும் போடவில்லை. இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரண்டு குண்டு," என்றான் ஜெகின்.

கிழவர் வெகுநேரம் தலையாட்டினார். கொடியை விரிப்பதற்காகத் தொப்பியைக் கழற்றினார். அதை வைக்க இடம் தேடினார். சுற்றிலும் மணல். ஜெகின் கை நீட்டி வாங்கிக்கொண்டான். உள்ளே வியர்வை ஈரம். குழி மூடும்வரை அதை இரண்டு கையாலும் நெஞ்சருகே பிடித்தபடி வெயிலில் நின்றான்.