டுடோரியல் குருவிகளும் குமாரதாஸின் கெண்டைக்காலும்

“அந்தப் படத்த அந்த கிளப்புல போட்டா, நான் இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன், பாத்துக்க!”

“குடிக்காண்டாம். சாயா குடியுங்க,” என்றாள் மகள் அஞ்சு.

குமாரதாஸ் மேசையில் ஓங்கி அறைந்தார். ஓணத்துக்கென்று வறுத்து வைத்திருந்த ஏத்தங்காய் சிப்ஸ் கிண்ணம் ஒரு துள்ளுத் துள்ளி அமர்ந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கிரேசி, காலையிலேயே கூட்டிவிட்ட முற்றத்தை மறுபடியும் கூட்டத் தொடங்கினாள். பனங்காலவிளையில் ஒரு வீட்டில் சத்தம் உயர்ந்தால் பக்கத்து வீட்டுத் துடைப்பத்துக்குத்தான் முதலில் உயிர் வரும்.

“எதுக்குக் கெடந்து சாடுதிய?” அடுக்களையிலிருந்து மனைவி ஓமனா கரண்டியோடு வந்தாள். “முப்பது வருசமா நீங்கதான சொன்னிய, அந்தப் படத்துல நான் செகண்ட் ஹீரோவாக்கும், ஹீரோவுக்கு வலது கையாக்கும்னு? அதச் சொல்லித்தான உங்க தரகன் எங்கப்பாவக் கவுத்தான்? இப்பப் படம் கெடச்சிருக்கு. நானும் பாக்கட்டு, எனக்க மாப்பிள வலது கையா எடது கையான்னு.”

வலது கையும் இல்லை, இடது கையும் இல்லை. கால் என்பது குமாரதாஸுக்கு மட்டும்தான் தெரியும்.

விஷயம் இதுதான். எண்பத்தாறிலோ எண்பத்தேழிலோ, மார்த்தாண்டத்தில் ஒரு டுடோரியல் கல்லூரியில் பத்தாம் வகுப்பைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார் குமாரதாஸ். அப்போது அங்கே ஒரு சினிமாக் கூட்டம் வந்து இறங்கியது. படத்தின் பெயர் ‘டுடோரியல் குருவிகள்’. பெயிலான பையன்களைப் பற்றிய படத்துக்கு அசல் பெயில்கள் தேவைப்பட்டன. குமாரதாஸுக்கு ஹீரோவின் கூட்டாளி வேடமும் ஒரு வசனமும் கிடைத்தன. அந்த வசனத்தை எடிட்டர் வெட்டித் தூர எறிந்துவிட்டார். ஆனால் வேறொன்று மிச்சம் இருந்தது.

கதாநாயகி ரேணுப்ரியாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. படத்திலோ அவள் குழித்துறை ஆற்றுக்கு இறங்கும் சரிவில், பாவாடை தாவணி பறக்க, பிரேக் இல்லாத சைக்கிளில் பாய்ந்து வந்து நேரே ஆற்றில் விழ வேண்டும். டைரக்டர் பையன்களை வரிசையாக நிறுத்தி வேட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். முடியும் குறைவு, வாளிப்பும் உண்டு என்று ஒரு ஜோடிக் கால் தேர்வானது. பவுடர் பூசி, சவுரி வைத்து, தாவணி சுற்றி, குமாரதாஸைச் சரிவின் உச்சியில் ஏற்றி உட்கார வைத்தார்கள். கேமரா பின்னாலிருந்து, கெண்டைக்காலுக்குக் கிட்டே. மூன்று பொறோட்டாவும் மீன் கறியும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

படம் வந்தது, வந்த வேகத்தில் போனது. இடைவேளையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியேறிய குமாரதாஸ், படப்பெட்டி ஊரைவிட்டுப் போனபிறகுதான் ‘செகண்ட் ஹீரோ’ ஆனார். பார்த்தவன் இல்லாத படத்தில் என்னவாகவும் இருக்கலாம் அல்லவா? மேம்பாலத்துக்கு அடியில் டைல்ஸ் கடை, இரண்டு மாடி வீடு, உதயதாரகை கிளப்பின் ரட்சாதிகாரி என்கிற புரவலர் பதவி எல்லாம் பின்னால் சேர்ந்துகொண்டன. ஒன்று மட்டும் ஊர் கவனித்தது. லுங்கியோ வேட்டியோ, மடித்துக் கட்டாத ஆண்பிள்ளை இந்தப் பக்கத்தில் கிடையாது. குமாரதாஸோ கொட்டும் மழையிலும் கணுக்காலுக்கு மேலே தூக்கமாட்டார். மனிதருக்கு என்ன ஒரு மரியாதை என்று ஊர் மெச்சியது. உள்ளே கிடந்தது வேறு: சின்ன வயதில் ரப்பர் பால்வெட்டும் கத்தி கிழித்த, பிறைநிலா போன்ற ஒரு தழும்பு. பவுடருக்கும் அடங்காமல் படத்தில் விழுந்துவிட்ட தழும்பு.

“இந்தக் கண்றாவிப் படம் ஒங்களுக்கு எங்கேருந்துட்டி கெடச்சுது?” என்று கேட்டார் குமாரதாஸ், குரலைக் கொஞ்சம் இறக்கி.

“ஸ்ரீஜித்துக்க வீட்டுலேருந்து. அவனுக்க அப்பா ஷார்ஜால இருக்கும்ப வாங்கின கேசட்டாக்கும். பூஞ்சை பிடிச்சுக் கெடந்தத அவன் தொடச்சு கம்ப்யூட்டர்ல ஏத்தினான்.”

குமாரதாஸ் உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீஜித் என்பது மாப்பிள்ளைப் பையன். தேங்காய்ப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம் வீடு, திருவனந்தபுரத்தில் வேலை. தரகர் கொண்டு வந்த சம்பந்தம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவனும் அஞ்சுவும் ‘குருவிக்கூடு’ என்ற வாட்ஸ்அப் குழுவில் பழகியவர்கள். ஓடாத பழைய இளவட்டச் சிரிப்புப் படங்களைத் தோண்டி எடுத்து, அதில் வரும் கோமாளி வசனங்களை வைத்தே குட்மார்னிங் சொல்லிக்கொள்ளும் கூட்டம் அது. பெண் கேட்டபோதுகூட அந்தப் பையன் அந்தப் படத்து வசனத்தைத்தான் அனுப்பினான் என்று கேள்வி: “நான் எல்லாப் பாடத்திலும் தோற்பேன், உன் பாடத்தில் மட்டும் அரியர் வைப்பேன்.” இதற்கும் ஒருத்தி சம்மதிக்கிறாள் என்றால் காலத்தை என்ன சொல்ல!

“அப்பிடி என்னதான் இருக்குட்டி அதுல?” என்றார்.

அஞ்சு எதிரில் அமர்ந்தாள். “அப்பா, நான் பி.இ. முடிச்சு, பேங்கு பரீட்ச ரெண்டு தடவ எழுதித் தோத்தாச்சு. நான் பாக்குத படத்துல எல்லாம் ஒருத்தன் ஒரு பாட்டு முடியும் முன்ன கலெக்டர் ஆயிருவான். பாத்துட்டு வந்தா எனக்குச் சோறு எறங்காது. இதுல எல்லாவனும் பெயிலாவானுவ. ஹீரோ கணக்குல போன தடவையவிட நாலு மார்க்கு கூட வாங்கினான்னு ஆட்டுக்கு மாலயப் போட்டு, பேண்டு அடிச்சு ஊர்கோலம் போவானுவ. யாரும் யாரையும் திருத்த மாட்டான். எனக்கு அது போதும்.”

குமாரதாஸ் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் திருவோணத்தன்று சம்பந்தி வீட்டார் சாப்பாட்டுக்கு வருகிறார்கள், அன்றைக்குத்தான் நாள் குறிப்பு, அந்திக்குப் படம். செகண்ட் ஹீரோ என்று அவர்களிடமும் நாலுமுறை சொல்லியாகிவிட்டது. தாவணி கட்டிய மாமனார் வீட்டில் எவன் பெண் எடுப்பான்?

மறுநாள் கிளப் செயலாளர் அபினேஷைக் கடையில் கூப்பிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார்.

“மக்கா, அது வேண்டாம். ஆபாசப் படமாக்கும். குடும்பத்தோட இருந்து பாக்க ஒக்காது.”

அபினேஷ் முகத்தைக் கல்யாண வீட்டுப் பெரியவர்போல வைத்துக்கொண்டான். “அப்பிடியா மாமா? நான் ஆலோசிச்சு முடிவெடுக்கேன்.”

அவன் எங்கே ஆலோசித்தானோ, அன்று சாயங்காலத்துக்குள் குழித்துறை தொட்டு கருங்கல் வரை சேதி பரவியது. பனங்காலவிளை கிளப்பில் எண்பதுகளின் அசல் ஆபாசப் படம், கட்டணம் இல்லை! திருவோணத்தன்று வடமிழுப்புக்கும் உறியடிக்கும் வராத கூட்டம் அந்திக்கு வந்தது. நெற்றியில் பட்டையோடு வந்தவர்கள்கூட உண்டு. தடுத்து நிறுத்த வந்தோம் என்று சொல்லி முன்வரிசையில் இடம் பிடித்தார்கள். கிரேசி வீட்டு நாற்காலியையும் வாங்கிப் போட்டார்கள், அவளையும் சேர்த்து.

இப்படியாகக் குமாரதாஸ் தன் கையாலேயே தன் காலுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தார்.

அதற்கு முன், மத்தியானச் சாப்பாடு நன்றாகத்தான் போனது. சம்பந்தி ராஜகுமார் பெரிய ஆகிருதி, மெல்லிய குரல். மூன்றாம் பாயசத்தில் அவர் மனம் திறந்தார்.

“அண்ணே, நான் அப்ப ஆட்டோ ஓட்டிட்டிருந்தேன். அந்தப் படம் ஓடின நாளெல்லாம் போய்ப் பாத்தேன். அதுல ஒரு சைக்கிள் சீன் வரும் பாருங்க...” மேலே சொல்ல முடியாமல் பாயசத்தைப் பார்த்தார்.

“ஆட்டோவுல ‘ரேணு’ன்னு எழுதி வச்சிருந்தாரு,” என்றாள் அவர் மனைவி அஜிதா, பப்படத்தை நொறுக்கியபடி. “கல்யாணம் முடிஞ்சு வந்து நான்தான் சொரண்டி எடுத்தேன். மனசுலேருந்து சொரண்ட முடியல்ல. முப்பது வருசமா நான் என்ன சேல கட்டினாலும் அந்த நடை வராதாம்.”

“நடையில்ல அஜிதா, சைக்கிளாக்கும்,” என்று திருத்தினார் ராஜகுமார்.

குமாரதாஸ் வேட்டியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

இருட்டிக்கொண்டு வந்தபோது படம் தொடங்கியது. கூட்டம் ஆபாசத்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. திரையில் பிரின்சிபாலின் ஆடு வினாத்தாளைத் தின்றது. ஹீரோ காதலைச் சொல்லத் தென்னைமரத்தில் ஏறி, இறங்கத் தெரியாமல் மேலேயே தூங்கிப்போனான். ஒருவன் சிரித்தான், பிறகு ஒரு வரிசை சிரித்தது, பிறகு தடுத்து நிறுத்த வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். குருவிக்கூட்டுப் பிள்ளைகள் வசனங்களை முன்கூட்டியே கத்தினார்கள். “சார், பாஸானா எங்க போறதுன்னே எங்களுக்குத் தெரியாதே சார்!” என்று திரையோடு சேர்ந்து அலறிய அஞ்சுவின் முகத்தைக் குமாரதாஸ் பார்த்தார். பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து அப்படி அவள் சிரித்து அவர் கண்டதில்லை. செகண்ட் ஹீரோவை இன்னும் காணோமே என்று ஓமனா இரண்டு தடவை இடித்தாள்.

அப்போது சரிவு வந்தது.

சைக்கிள். தாவணி. காற்று. திரை முழுக்க ஒரு கெண்டைக்கால், ஏறி இறங்கி, ஏறி இறங்கி. பக்கத்து நாற்காலியில் ராஜகுமார் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு மூச்சை விட்டார். “பாத்தியளா அண்ணே... அந்தக் காலு. தெய்வமே, அந்தக் காலு!”

குமாரதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். மூடி என்ன செய்ய? தினமும் ராத்திரி அந்தக் காலுக்கு முறிவெண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருத்தி இன்னொரு பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“ஏட்டி அஞ்சு!” ஓமனாவின் குரல் ஒலிபெருக்கியை வென்றது. “அந்தத் தழும்பப் பாத்தியா? அது அவளுக்க காலு இல்ல பிள்ளே, ஒனக்க அப்பனுக்க காலாக்கும்!”

யாரோ படத்தை நிறுத்தினார்கள். சரியாகத் தழும்பில் நின்றது. கூட்டம் திரையைப் பார்த்தது. பிறகு ஒருசேரத் திரும்பி, தரைவரை தொங்கிய குமாரதாஸின் வேட்டியைப் பார்த்தது. ஆபாசம் என்று சொன்னது இதைத்தானா என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான்.

ராஜகுமார் எழுந்தார். நேரே போய்க் காரில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டார். ஸ்ரீஜித் “அப்பா, அப்பா” என்று பின்னால் ஓடினான். சிரிப்பு அஞ்சுவின் முகத்திலிருந்து இறங்கிப் போனதைக் குமாரதாஸ் கண்டார்.

அதன்பிறகு அவர் செய்ததை ஊர் இன்றும் சொல்லும். எழுந்தார். முப்பத்துச் சொச்சம் வருடமாகத் தொங்கிக் கிடந்த வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினார். அத்தனை பேருக்கும் நடுவே நடந்துபோய் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

“இஞ்ச பாரும் ராஜகுமாரு. நான் செகண்ட் ஹீரோ இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொய்யாக்கும் சொன்னேன். ஒரு காலுக்காக எனக்க பிள்ளைக்க கல்யாணம் நிக்கப்பிடாது. ஏசணும்னா என்ன ஏசும்.”

கண்ணாடி இறங்கவில்லை. அஜிதாதான் முதலில் வந்து சேர்ந்தாள். குனிந்து, ஜங்ஷன் விளக்கு வெளிச்சத்தில் காலைப் பார்த்தாள். நரம்பு சுருண்டு, முடி நரைத்து, பிறைநிலா மட்டும் அப்படியே. ரோட்டிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

“இதுக்கா? எனக்க அம்மே! இந்தக் காலுக்கா நான் முப்பது வருசம் பொறாமப்பட்டேன்? லே ஸ்ரீஜித், ஒனக்குப் பொண்ணு இந்த வீட்டுலதாம்ல. நான் முடிவாக்கியாச்சு. இந்த மனுசன் இனி எனக்க சேலயப் பத்தி ஒரு வாக்கு பேசட்டு, சம்பந்தியக் கூப்பிட்டுக் காலக் காட்டச் சொல்லுவேன்!”

நெடுநேரம் கழித்துக் கண்ணாடி பாதி இறங்கியது. ராஜகுமார் அந்தக் காலைப் பார்க்காமல் கேட்டார்: “அண்ணே, அந்த சைக்கிளுக்கு பிரேக் உண்டா, இல்லியா?”

“இல்ல. சத்தியமா இல்ல. ஆத்துல விழுந்து ரெண்டு பல்லு ஆடிச்சு.”

“நான் அப்பவே நெனச்சேன்,” என்றார் ராஜகுமார். “பிரேக் இருந்தா அப்பிடி ஒரு வேகம் வராது.” கதவைத் திறந்து இறங்கினார். “வாங்க, மிச்சப் படத்தப் பாப்போம். பேண்டு சீன் பாக்கி கெடக்கு.”

தை மாதத்தில் கல்யாணம். அதற்குள் அஞ்சு மூன்றாம் தடவையும் பரீட்சையில் தோற்றாள். போன தடவையைவிட ஆறு மார்க் கூட என்றதும் குமாரதாஸ் பேண்டு வைப்பேன் என்று நின்றார். ஓமனா கேக்கோடு நிறுத்தினாள். ஆடு கிடைக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்திய அபினேஷ், ஆபாசப் படம் பார்க்கக் கருங்கலிலிருந்து அத்தையோடு வந்திருந்த ஜாஸ்மியைச் சித்திரையில் பதிவு செய்து கட்டிக்கொண்டான். அந்த இரண்டு வீட்டிலும் இன்னும் அவர்களோடு பேச்சில்லை. அஞ்சுவும் ஸ்ரீஜித்தும் திருவனந்தபுரத்தில் வாடகைக்கு இருந்துவிட்டுக் கொச்சிக்கு மாறிப்போனார்கள். ராஜகுமார் புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார், அதில் ஒன்றும் எழுதவில்லை. கிரேசி வீட்டைப் பூட்டிவிட்டு மகன் டிஜோவோடு மஸ்கட்டுக்குப் போனாள். பன்னிரண்டாவது மாடியாம், மதிலும் இல்லையாம், கூட்ட முற்றமும் இல்லையாம். ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டாள் என்றுதான் இங்கே பேச்சு.