அக்காவுக்கு அனுப்பிய பாடங்கள்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் போர்வை மடிக்கிறவளுக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் எழுத்து கூடியது. பெரியவர்களுக்குப் போனிலேயே வகுப்பு நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சேர்த்துவிட்டவள் அக்காதான். "தினமும் படிச்சுப் பதிவு பண்ணி எனக்கு அனுப்பு. தப்பு இருந்தா சொல்றேன்" என்றாள்.

மதிய இடைவேளையில் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் பாடம் வாசிப்பாள். 'பள்ளம்' வாயில் 'பல்லம்' ஆகும். மூச்சு வாங்கும். மறுபடி தொடங்குவாள். உடனே அக்காவிடமிருந்து கைதட்டும் பொம்மை வரும். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஐந்து மாதம் ஒருநாள் விடாமல் அனுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். "பொண்ணு கூப்பிடுவா, எடுத்துப் பேசுடி" என்று போனைக் கையில் திணித்துவிட்டு அக்கா குளிக்கப் போனாள். திரையில் குடும்பக் குழு திறந்தே கிடந்தது. 'உனக்குத்தான் படிக்க வராதே' என்று அவளை மட்டும் சேர்க்காமல் விட்ட குழு.

எழுத்துக் கூட்டினாள். 'இன்றைய சிரிப்பு.' கீழே ஒரு பதிவு. தொட்டாள். அவள் குரலே வந்தது. மேலே தள்ளத் தள்ள நேற்றையது, முந்தாநாளையது. தம்பி எழுதியிருந்தான்: 'ஒண்ணாங்கிளாஸ் பாப்பா வந்தாச்சா?' யார் துணையும் இல்லாமல் அவள் முழுதாக வாசித்த முதல் பக்கம் அதுதான்.

அக்கா ஈரத்தலையோடு வந்தாள்.

"என்னக்கா இது?"

"ஐயே, சும்மா விளையாட்டுக்குடி. உன்னைப் பத்திப் பெருமையாத்தான் பேசுறோம்."

"பெருமைன்னா என்னையும் சேர்த்திருப்பியே."

அக்கா துண்டால் முகத்தை மூடித் தலை துவட்டிக்கொண்டே இருந்தாள். இவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அன்று வகுப்பில் டீச்சர் வாசிக்கச் சொன்னபோது முதல் சொல்லோடு நிறுத்திவிட்டாள். எல்லோரும் சிரிப்பதாகவே பட்டது. இணைப்பைத் துண்டித்தாள். நான்கு நாள் எட்டிப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள், கூடப் படிக்கும் லாரி டிரைவர் அழைத்தார். "என்னம்மா, ஆளையே காணோம்? நீங்க திக்கித் திக்கிப் படிக்கிற தைரியத்துலதான் நானே வாயைத் திறக்கிறேன்."

அவள் அப்போதுதான் அழுதாள். மாலையில் வகுப்புக்குப் போனாள், வாசித்தாள்.

நடுவில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது: 'இன்னும் கோபமா?'

படித்தாள். பதில் போடவில்லை.